ரேடியேஷனுக்குப் பிறகு வாய்: மவுத்வாஷ் பாட்டிலா, உப்பு - ஆப்ப சோடா தண்ணீரா?

தொண்டைப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. வேலைக்கும் போய் வருகிறார். ஒருநாள் கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கிறது. தெருமுனையில் இருக்கும் பல் கிளினிக்குக்குப் போகிறார். “சுகர் இருக்கா? பி.பி. இருக்கா?” என்று கேட்கிறார்கள். இரண்டும் இல்லை. “அப்போ எடுத்துடலாம்” என்கிறார்கள். பத்தே நிமிஷத்தில் பல் வெளியே வந்துவிடுகிறது.

மூன்று மாதம் கழித்தும் அந்தக் குழி ஆறவில்லை. உள்ளே எலும்பு வெளியே தெரிகிறது.

புற்றுநோய் மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் அடிக்கடி எச்சரிக்கும் சூழ்நிலை இது. ரேடியேஷன் எடுத்ததை அவரும் சொல்லவில்லை, கிளினிக்கிலும் கேட்கவில்லை. சிகிச்சை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ரேடியேஷன் பட்ட வாய்க்கு, சிகிச்சை முடிந்த நாளில்தான் இன்னொரு கணக்கு தொடங்குகிறது.

குளோபோகன் கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் புதிதாக வாய், உதட்டுப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 1.43 லட்சம் பேர். இந்திய ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான். இவர்களில் பலருக்கு அறுவை சிகிச்சையோடு ரேடியேஷனும் தேவைப்படுகிறது. நோயிலிருந்து மீண்ட பிறகு வாயை எப்படிப் பார்த்துக்கொள்வது, எதைக் கொண்டு கொப்பளிப்பது, எதைத் தொடவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

யாருக்கு இந்தப் பிரச்னை வரும்?

ரேடியேஷன் எடுத்த எல்லோருக்கும் அல்ல. கதிர் எந்த இடத்தில் படுகிறதோ, பாதிப்பும் அங்கேதான். மார்பகத்துக்கோ கர்ப்பப்பை வாய்க்கோ ரேடியேஷன் எடுத்தவருக்கு அதனால் எச்சில் சுரப்பிகள் கெடாது. வாய், நாக்கு, டான்சில், தொண்டை, குரல்வளை, மூக்கின் பின்பகுதி, எச்சில் சுரப்பி போன்ற தலை - கழுத்துப் பகுதிகளில் சிகிச்சை எடுத்தவர்களுக்கானது இந்தக் கட்டுரை.

இவர்களுக்கு வழக்கமாக வாரத்தில் 5 நாள், 6 முதல் 7 வாரம் வரை ரேடியேஷன் தருவார்கள். மொத்த அளவு 60 முதல் 70 கிரே வரை போகும். கிரே என்பது உடல் உள்வாங்கும் கதிர்வீச்சின் அளவு. புற்றுநோய் செல்களை அழிக்கும் அதே கதிர், பாதையில் இருக்கும் எச்சில் சுரப்பி, வாயின் உள்தோல், தாடை எலும்பு, தாடைத் தசை ஆகியவற்றையும் தொட்டுவிட்டுத்தான் போகிறது.

பாதிப்புகள் ஒரே நேரத்தில் வருவதில்லை. முதல் இரண்டு வாரங்களிலேயே எச்சில் குறையும், ருசி மாறும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாயின் உள்தோல் சிவந்து புண்ணாகும். சிகிச்சை முடிந்து சில வாரங்களில் புண் பெரும்பாலும் ஆறிவிடும். ஆனால் எச்சில் அப்படித் திரும்பி வருவதில்லை. சில மாதங்களில் பல் சொத்தை, தாடை இறுக்கம் தலைகாட்டலாம். தாடை எலும்புக்கான ஆபத்து வருடக்கணக்கில் கூடவே இருக்கும்.

எச்சில்தானே, போனால் என்ன?

எச்சிலை நாம் மதிப்பதே இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை நம் வாயில் சுரக்கிறது. காதுக்குக் கீழே, தாடைக்குக் கீழே, நாக்குக்குக் கீழே என மூன்று ஜோடி பெரிய சுரப்பிகள், அவை போக நூற்றுக்கணக்கான குட்டிச் சுரப்பிகள் இதற்காகவே இயங்குகின்றன.

உணவை நனைத்து விழுங்க வைப்பது எச்சிலின் ஒரு வேலை மட்டுமே. சாப்பிட்டவுடன் வாயில் இருக்கும் பாக்டீரியா சர்க்கரையை அமிலமாக மாற்றும். அந்த அமிலத்தை எச்சிலில் உள்ள பைகார்பனேட் சமன்செய்யும். பல்லின் மேற்பூச்சான எனாமலில் இருந்து கரைந்த கால்சியம், பாஸ்பேட்டைத் திரும்ப ஊட்டுவதும் எச்சில்தான். பூஞ்சையைக் கட்டுக்குள் வைக்கும் புரதங்களும் அதில் உண்டு.

எச்சில் வற்றினால் இந்த வேலைகள் எல்லாமே நின்றுபோகும். வாயின் அமிலத்தன்மை கூடி, பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். அதனால்தான் ரேடியேஷனுக்குப் பிறகு வரும் சொத்தை வித்தியாசமாக இருக்கிறது. பொதுவாகச் சொத்தையே பிடிக்காத கீழ் முன்பற்கள், ஈறை ஒட்டிய பல்லின் கழுத்துப் பகுதி, பல் நுனி ஆகிய இடங்களில் அது வருகிறது. கழுத்தைச் சுற்றி அரித்து, பல் அப்படியே ஒடிந்து விழுவதும் உண்டு. சிலருக்குச் சில மாதங்களிலேயே இது தொடங்கிவிடும்.

உப்பு - சோடா தண்ணீர்: எப்படிக் கலப்பது?

பல புற்றுநோய் மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு முதலில் சொல்லித்தரும் கொப்பளிப்பு நீர், வீட்டு அடுக்களையிலேயே இருக்கும் பொருள்களால் ஆனது.

* கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீர் 1 டம்ளர் (சுமார் 250 மி.லி.)
* உப்பு கால் டீஸ்பூன்
* ஆப்ப சோடா கால் டீஸ்பூன்

மூன்றையும் கலந்து, ஒரு வாய் எடுத்து அரை நிமிஷம் வாய் முழுக்க உருட்டித் துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது. பிறகு வெறும் தண்ணீரில் ஒருமுறை கொப்பளிக்கலாம். நாள் முழுக்கத் தேவை என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு உப்பும் சோடாவும் ஒவ்வொரு டீஸ்பூன். மிச்சம் இருந்தால் அன்றைக்கே கொட்டிவிட்டு, மறுநாள் புதிதாகக் கலக்க வேண்டும்.

எத்தனை முறை? ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும், தூங்கும் முன்பும் கட்டாயம். சிகிச்சை நடக்கும்போதும், புண் இருக்கும்போதும் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறைகூடச் செய்யலாம். புண் கடுமையாக இருந்து உப்பு எரிந்தால், உப்பைக் குறைக்கலாம்; அல்லது சோடா மட்டும் போட்டுக் கொப்பளிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: ஆப்ப சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றல்ல. பேக்கிங் பவுடரில் அமிலப் பொருளும் சேர்ந்திருக்கும். கேக் செய்ய வாங்கிய டப்பாவை மாற்றி எடுத்துவிட வேண்டாம்.

இது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. சோடா என்பது சோடியம் பைகார்பனேட். எச்சில் செய்துவந்த அமிலத்தைச் சமன்செய்யும் வேலையை அது கொஞ்ச நேரத்துக்கு எடுத்துக்கொள்கிறது. ஒட்டிக்கொண்டிருக்கும் உணவுத் துகளையும், பசை மாதிரி திரண்ட சளியையும் இளக்கி வெளியேற்றும். வாயை ஈரமாக வைக்கும். ஆனால் ரேடியேஷன் புண் வராமல் தடுக்கும் மருந்து அல்ல. சொத்தையையும் தனியாகத் தடுத்துவிடாது. மலிவானது, எரிச்சல் குறைவானது, ஒருநாளில் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம் என்பதுதான் இதன் பலம்.

அப்படியானால் கடையில் விற்கும் மவுத்வாஷ்?

‘ஸ்ட்ராங்கா இருந்தா நல்லா சுத்தம் பண்ணும்’ என்ற எண்ணம் இங்கே எடுபடாது. மவுத்வாஷ்கள் எல்லாம் ஒரே ரகமும் அல்ல.

ஆல்கஹால் கலந்தவை: சில மவுத்வாஷ்களில் 20 சதவீதத்துக்கும் மேல் ஆல்கஹால் உண்டு. ஏற்கெனவே காய்ந்திருக்கும் வாயை அது இன்னும் காய வைக்கும். புண்ணில் பட்டால் நெருப்பாக எரியும். வாங்கும்போது பாட்டிலின் பின்பக்கத்தில் ‘ஆல்கஹால் இல்லாதது’ என்று இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். காரமான மின்ட், பட்டை வாசனை உள்ளவையும் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

குளோர்ஹெக்ஸிடின்: ஈறு நோய்க்குப் பல் மருத்துவர்கள் எழுதித்தரும் மருந்து இது. ஆனால் ரேடியேஷன் புண் வராமல் தடுக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே, புற்றுநோயாளிகளின் துணைச் சிகிச்சைக்கான சர்வதேச அமைப்பான மாஸ்க்-ன் வழிகாட்டுதல் சொல்கிறது. ஈறு வீக்கம் போன்ற வேறு காரணத்துக்காக மருத்துவர் எழுதியிருந்தால் அது வேறு விஷயம். அப்போதும் பல் துலக்கிய உடனே இதைப் பயன்படுத்தக் கூடாது. பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் இதன் வீரியத்தைக் குறைக்கும் என்பதால் அரை மணி நேர இடைவெளி தேவை. பூஞ்சைக்கு நிஸ்டாடின் மருந்து தரப்பட்டிருந்தால் அதையும் இதையும் ஒரே நேரத்தில் சேர்க்கக் கூடாது.

பென்சிடமைன்: வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் மவுத்வாஷ். 50 கிரே வரை ரேடியேஷன் பெறுபவர்களுக்குப் புண்ணைத் தடுக்க இதை மாஸ்க் வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. எரிச்சல் இருந்தால் தண்ணீர் கலந்து பயன்படுத்தச் சொல்வார்கள்.

மரத்துப்போக வைக்கும் கலவை: லிடோகெய்ன், அலர்ஜி மருந்து, ஆன்டாசிட் மூன்றையும் கலந்து தருவதை அமெரிக்காவில் ‘மேஜிக் மவுத்வாஷ்’ என்றே அழைக்கிறார்கள். 275 பேரிடம் நடந்து 2019-ல் ‘ஜாமா’ இதழில் வெளியான ஆய்வில், கொப்பளித்த முதல் 4 மணி நேரத்தில் வலி குறைந்தது உண்மை. ஆனால் நோயாளிக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியும் என ஆய்வாளர்கள் வகுத்த அளவை அது எட்டவில்லை. சாப்பிடும் முன் கொஞ்சம் நிவாரணம் தரலாம், அவ்வளவுதான். தொண்டையும் மரத்துவிட்டால் புரையேறும் ஆபத்து உண்டு என்பதால் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

வீட்டு வைத்தியங்கள்: நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் கொப்பளிப்பு வாயை வழவழப்பாக வைக்கிறது என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அது ஃப்ளோரைடுக்கு மாற்று அல்ல. கிராம்புத் தைலத்தைப் புண்ணில் தடவினால் தோல் வெந்துபோகும். சிகிச்சையின்போது புண்ணைத் தடுக்கத் தேனைப் பயன்படுத்தலாம் என 2020-ல் வந்த மாஸ்க் வழிகாட்டுதல் சொல்வது உண்மைதான். ஆனால் எச்சில் இல்லாத வாயில் தேனும் சர்க்கரைதான். மருத்துவரைக் கேட்காமல் தொடர வேண்டாம்.

கொப்பளித்தால் மட்டும் பல் தப்பிக்குமா?

தப்பிக்காது. பல்லைக் காப்பாற்றுவது ஃப்ளோரைடு. சாதாரண பேஸ்ட்டில் 1,000 பி.பி.எம். அளவில் ஃப்ளோரைடு இருக்கும். ரேடியேஷன் எடுத்தவர்களுக்கு 5,000 பி.பி.எம். வீரியமுள்ள பேஸ்ட் அல்லது ஜெல்லைப் பல் மருத்துவர் எழுதித் தரலாம். பல்லின் அச்சுக்கு ஏற்ப ஒரு ட்ரே செய்து, அதில் ஜெல் ஊற்றி, தினமும் சில நிமிஷம் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். எச்சில் திரும்பாதவரை, அதாவது பலருக்கு வாழ்நாள் முழுக்க, இதைத் தொடர வேண்டியிருக்கும். ஜெல் வைத்த பிறகு அரை மணி நேரம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கொப்பளிக்கவோ கூடாது.

பிரஷ் மிக மென்மையானதாக இருக்க வேண்டும். வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இன்னும் மிருதுவாகும். செங்கல் பொடி, சாம்பல், சொரசொரப்பான பல்பொடி எதுவும் வேண்டாம். பல்செட் இருந்தால் புண் ஆறும்வரை கழற்றி வைப்பது நல்லது. பிறகும் இரவில் கழற்றிச் சுத்தம் செய்துவைக்க வேண்டும்.

வாய் காய்ந்துகொண்டே இருந்தால்?

பலரும் சொல்லும் வரி: “ராத்திரி நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது.” பக்கத்திலேயே தண்ணீர் பாட்டில் வைத்து அடிக்கடி ஒரு மிடறு குடிப்பது முதல் வழி. சர்க்கரை இல்லாத, சைலிட்டால் கலந்த சூயிங்கம், மிச்சம் இருக்கும் சுரப்பிகளைத் தூண்டும். செயற்கை எச்சில் எனப்படும் ஸ்பிரே, ஜெல்கள் மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன. சுரப்பிகள் முழுதாகச் சாகாதவர்களுக்குப் பைலோகார்பின் மாத்திரை உதவலாம். ஆனால் ஆஸ்துமா, சில வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் கூடாது.

இங்கே பலர் விழும் பொறி எலுமிச்சை மிட்டாய். எச்சில் ஊறும் என்று நாள் முழுக்கச் சப்புவார்கள். சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்து பல்லை அரிக்க இதைவிட எளிய வழி இல்லை. சர்க்கரை போட்ட டீ, ஜூஸ், குளுக்கோஸ் தண்ணீரை மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டே இருப்பதும் அப்படித்தான். உடல் எடை குறையாமல் இருக்க சத்து பானம் தந்திருந்தால் அதை நிறுத்த வேண்டாம்; குடித்த கையோடு கொப்பளித்தால் போதும்.

சாப்பாட்டில் குழைந்த சாதத்தில் மோர் அல்லது பருப்பு, பாலில் ஊறிய இட்லி, கஞ்சி, நன்றாக வெந்த முட்டை, கீரை மசியல் போன்றவை விழுங்க எளிது. புண் இருக்கும்வரை ஊறுகாய், மிளகு ரசம், முறுக்கு, அப்பளம் வேண்டாம். புகையிலை, பாக்கு, பான் மசாலா, சிகரெட், மது எதுவும் இனி ஒருபோதும் கூடாது. புண்ணும் ஆறாது, நோயும் திரும்பலாம்.

பல் பிடுங்குவதில் அப்படி என்ன ஆபத்து?

மீண்டும் அந்தத் தெருமுனை கிளினிக்குக்கு வருவோம்.

நல்ல தாடையில் பல்லை எடுத்தால், அந்தக் குழியில் ரத்தம் உறைந்து, புதிய ரத்தக் குழாய்கள் வளர்ந்து, சில வாரங்களில் தோல் மூடிக்கொள்ளும். அதிக ரேடியேஷன் பட்ட எலும்பில் ரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும், எலும்பைப் புதுப்பிக்கும் செல்களும் குறைந்திருக்கும். பல் எடுப்பதும் ஒரு காயம்தான். அந்தக் காயத்தை ஆற்றும் தெம்பு எலும்புக்கு இல்லாமல் போனால், எலும்பு செத்து வெளியே தெரியத் தொடங்கும். மருத்துவத்தில் இதற்கு ஆஸ்டியோரேடியோநெக்ரோசிஸ் என்று பெயர். மேல் தாடையைவிடக் கீழ்த் தாடையில்தான் அதிகம். அங்கே இயல்பாகவே ரத்த ஓட்டம் குறைவு.

ரேடியேஷனுக்குப் பிறகு பல் எடுத்தவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியான ஒரு பகுப்பாய்வில் இந்த விகிதம் சுமார் 7 சதவீதம். அதாவது பெரும்பாலானவர்களுக்கு ஆறிவிடுகிறது. ஆனால் ஆறாதவர்களுக்கு வலி, சீழ், சில நேரம் தாடை எலும்பு முறிவு, தாடையையே வெட்டியெடுக்கும் அறுவை சிகிச்சை வரை போகலாம். வருடங்கள் ஓடினாலும் இந்த ஆபத்து காலாவதி ஆவதில்லை.

அதனால்தான் முடிந்தவரை பல்லை எடுக்காமல் வேர் சிகிச்சை செய்து காப்பாற்றப் பார்ப்பார்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால், அந்தப் பகுதிக்கு எத்தனை கிரே ரேடியேஷன் போயிருக்கிறது என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டு, அனுபவமுள்ள முக - தாடை அறுவை நிபுணர் குறைந்த காயத்துடன் எடுப்பார். பல் எடுக்கும் முன்பும் பின்பும் அழுத்த அறையில் ஆக்ஸிஜன் தரும் சிகிச்சை ஒரு காலத்தில் பெரிதாக நம்பப்பட்டது. 2019-ல் வெளியான ‘ஹோபான்’ ஆய்வில், கீழ்த் தாடையில் சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஆக்ஸிஜன் பெற்றவர்களுக்கு 6.4 சதவீதம், பெறாதவர்களுக்கு 5.7 சதவீதம் என, பாதிப்பு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. யாராவது இதற்குப் பெரிய தொகை கேட்டால், இரண்டாவது கருத்து கேட்பது நல்லது.

மூன்று விரல் டெஸ்ட்

தாடைத் தசைகள் இறுகி வாய் திறப்பது குறைவதும் மெதுவாக நடப்பதால் கவனத்தில் படாது. எளிய சோதனை: ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைந்தால் நல்லது. இரண்டுதான் போகிறது என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 35 மில்லிமீட்டருக்குக் குறைவாகத் திறந்தால் அது தாடை இறுக்கமாகக் கருதப்படுகிறது. ஐஸ்கிரீம் குச்சி மாதிரியான தட்டைக் குச்சிகளை அடுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக எண்ணிக்கையைக் கூட்டும் பயிற்சியை மருத்துவமனையில் கற்றுத்தருவார்கள். இறுகிய பிறகு தளர்த்துவது கஷ்டம் என்பதால், சிகிச்சையின்போதே தொடங்குவதுதான் நல்லது.

ரேடியேஷன் இன்னும் தொடங்கவில்லையா?

அப்படியானால் கையில் நேரம் இருக்கிறது. முதல் வேலை பல் மருத்துவரைப் பார்ப்பது. காப்பாற்ற முடியாத பற்களை ரேடியேஷனுக்கு இரண்டு முதல் மூன்று வாரம் முன்பே எடுத்துவிட்டால் குழி ஆற அவகாசம் கிடைக்கும். சிகிச்சையை இதற்காக நீண்ட நாள் தள்ளிப்போடவும் கூடாது என்பதால் இரு மருத்துவர்களும் பேசி முடிவெடுக்க வேண்டும்.

எச்சில் சுரப்பியை ஒதுக்கிக் கதிரைச் செலுத்தும் ஐ.எம்.ஆர்.டி. முறை சாத்தியமா என்றும் கேட்கலாம். பிரிட்டனில் நடந்து 2011-ல் வெளியான ‘பார்ஸ்போர்ட்’ ஆய்வில், ஒரு வருடம் கழித்து வாய் வறட்சியால் குறிப்பிடத்தக்க அளவு அவதிப்பட்டவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், ஐ.எம்.ஆர்.டி.யில் 38 சதவீதம்.

உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டியது எப்போது?

* எலும்பு தெரிவது, அல்லது தாடையில் ஆறாத புண், சீழ்
* துடைத்தால் வரும் வெள்ளைத் திட்டுகள், நாக்கு எரிச்சல் (பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம்)
* இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புதிய புண் அல்லது கட்டி
* தண்ணீர்கூட விழுங்க முடியாத நிலை, காய்ச்சல்
* பல் ஆடுவது, ஒடிவது, தாடை மரத்துப்போவது

எதுவும் இல்லாவிட்டாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் பரிசோதனை அவசியம். தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை அணுகலாம்.

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இந்தச் சிகிச்சை நடந்திருந்தால், இன்றைக்கே ஒரு வேலை செய்யலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்தப் பகுதிக்கு, எத்தனை கிரே, எந்த மாதம் ரேடியேஷன் என்று இருக்கும் பக்கத்தை போட்டோ எடுத்து அவர்கள் போனிலும் உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பல் கிளினிக்கில் உட்கார்ந்தாலும், சுகர், பி.பி. பற்றிக் கேட்பதற்கு முன்பே சொல்ல வேண்டிய வரி ஒன்றுதான்: “டாக்டர், எனக்குக் கழுத்துல ரேடியேஷன் குடுத்திருக்காங்க.”